மொட்டை மாடியில் மாயாமாளவகௌளை

எங்கள் அடுக்ககத்துப் பொங்கல் விழாவில், ஒலிபெருக்கியைப் பிடித்திருந்த சங்கச் செயலாளர் என்னை மேடைக்கு அழைக்கும்போது இப்படிச் சொன்னார்: "குடும்பத்துக்காகவும் இசைக்காகவும் தன் வாழ்க்கையையே அர்ப்பணித்த ஆராய்ச்சி விஞ்ஞானி." கைதட்டல் எழும்புவதற்குள் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். ஒருத்தி என் மனைவி. இன்னொருத்தி என் மகள். நான் எல்லோருக்கும் கும்பிடு போட்டபடி மேடையேறி ஒரு பொன்னாடையை வாங்கிக்கொண்டு இறங்கினேன். என்னைத் தெரியாதவர்கள் கைதட்டினார்கள், தெரிந்தவர்கள் சிரித்தார்கள். அவர்கள் ஏன் சிரித்தார்கள் என்று எனக்குத் தெரியும். செயலாளருக்கும் தெரியும். அவர் அந்த வாசகத்தை வேண்டுமென்றேதான் எழுதினார் என்று இன்றுவரை நம்புகிறேன்.

ஆவடியில் ஓர் அரசு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். பெரிய வண்டிகளுக்குள் உட்கார்ந்து ஓட்டுகிறவரின் காதில் எவ்வளவு இரைச்சல் விழுகிறது, அதை எப்படிக் குறைப்பது என்பது என் ஆராய்ச்சி. இருபத்தைந்து வருடமாக இதைச் செய்கிறேன். இரைச்சல் குறைந்திருக்கிறதா என்று கேட்காதீர்கள். அறிக்கைகள் அதிகரித்திருக்கின்றன. ஆய்வுக்கூடத்தில் எனக்கு இரைச்சல் நிபுணர் என்று பெயர். வீட்டில் அந்தப் பட்டத்துக்கு வேறு அர்த்தம் இருக்கிறது. அதற்குக் காரணம் வயலின்.

வயலின் எனக்காக வாங்கியதல்ல. மகளுக்குப் பத்து வயதானபோது அம்பத்தூரில் ஒரு வயலின் வகுப்பில் சேர்த்தோம். சனிக்கிழமை தோறும் ஸ்கூட்டரில் அவளைக் கொண்டு விடுவேன். வெளியே வண்டியின் மேல் உட்கார்ந்து, உள்ளேயிருந்து வரும் சரளி வரிசையைக் கேட்டுக்கொண்டிருப்பேன். எட்டாவது மாதம் அவள் திரும்பி வரும் வழியில் என் முதுகில் தட்டினாள்.

"அப்பா, எனக்கு இது வேணாம்ப்பா. உனக்குதான் ஆசையா இருக்கு. நீ கத்துக்கோ."

பத்து வயதுப் பெண் அப்படிச் சொன்னால் எந்த அப்பாவும் ஒரு நிமிடம் யோசிப்பான். நான் அந்த ஒரு நிமிடத்தையும் வீணாக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை நானே போய் உட்கார்ந்தேன்.

என்னைச் சுற்றி ஏழு வயதும் எட்டு வயதுமாகப் பிள்ளைகள். எல்லோரும் சம்மணம் போட்டார்கள், நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டேன். ஆசிரியை என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். என்னை மரியாதையாக 'சார்' என்று கூப்பிட்டுத்தான் திட்டுவார். "சார், வில்லை அழுத்தாதீங்க. தந்தி அழுவுது பாருங்க." எனக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் இரட்டைச் சடைப் பெண் திரும்பிப் பார்த்து, அனுதாபமாகத் தலையாட்டுவாள். அவள் ஆறே மாதத்தில் ஜண்டை வரிசையைத் தாண்டி அலங்காரத்துக்குப் போய்விட்டாள். நான் மூன்று வருடமாக, முதல் பாடத்து ராகமான மாயாமாளவகௌளையில் குடியிருக்கிறேன்.

விஞ்ஞானிக்குத் தோல்வி வந்தால் அவன் கருவியைத் தேடுவான். நானும் தேடினேன். நான் வாசிக்கும் ஒவ்வொரு ஸ்வரத்தையும் பதிவு செய்து, அதிர்வெண்களைப் பிரித்து, எங்கே சுருதி விலகுகிறது என்று ஆறு பக்கத்துக்கு வரைபடம் போட்டு ஆசிரியையிடம் நீட்டினேன். அவர் கடைசிப் பக்கம் வரைக்கும் பொறுமையாகப் புரட்டினார்.

"பேப்பர் ரொம்ப நல்லா இருக்கு சார். இப்ப வாசிங்க."

வாசித்தேன். அவர் அந்தப் பேப்பரை மடித்து விசிறிக்கொண்டார்.

குடும்பத்துக்கான அர்ப்பணிப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வண்டிகளைப் பாலைவனத்துக்குக் கொண்டுபோய்ச் சோதிக்கும் வாரங்களில் நான் ஊரிலேயே இருக்கமாட்டேன். மகளுக்கு அம்மை போட்டபோதும், மனைவிக்குக் கால் எலும்பு முறிந்தபோதும் நான் ஏதோ ஒரு எஞ்சினுக்குப் பக்கத்தில் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஊரில் இருக்கும் நாட்களில், ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்து, ஆறேகாலுக்கு வயலினை எடுத்துவிடுவேன். மனைவி அம்பத்தூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். ஒருநாள் விடைத்தாள் கட்டை மடியில் வைத்துக்கொண்டு, நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்:

"நீங்க வீட்ல இருக்கீங்க. அவ்வளவுதான். வீட்டுக்காக இருக்கீங்கன்னு யாராவது தப்பா நெனச்சுடப் போறாங்க."

அதற்குப் பிறகு வாசிக்கும் இடத்தை மொட்டை மாடிக்கு மாற்றினேன். இதை ஒரு தியாகமாகக் கருதினேன். வீட்டில் இருப்பவர்கள் விடுதலையாகக் கருதினார்கள்.

திருமுல்லைவாயிலில் எங்கள் அடுக்ககம் மூன்று மாடி, பன்னிரண்டு வீடு. மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக்கொண்டு உட்காருவேன். இரண்டாவது வாரமே எனக்கு ஒரு ரசிகர் கிடைத்தார். தரைத்தளத்தில் இருக்கும் டர்னர். அம்பத்தூரில் ஒரு சின்னப் பட்டறையில் முப்பது வருடத்துக்கு மேல் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். இந்த ஊர்க்காரர். அடுக்ககம் நிற்கும் நிலமே அவர் அப்பா உழுத நிலம்தான். அதைக் கொடுத்ததற்குப் பங்காகத்தான் அவருக்குக் கீழ்வீடு கிடைத்தது. குழாய் அடைத்துக்கொண்டால் எல்லோரும் அவரைத்தான் தேடுவோம், சங்கக் கூட்டத்துக்கு மட்டும் கூப்பிட மறந்துவிடுவோம்.

அவர் தினமும் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேலே வருவார். என் எதிரில் போட்டு உட்கார்வார். முக்கால் மணி நேரமும் கண்ணை எடுக்காமல் பார்ப்பார். முடிந்ததும், "சூப்பரா கீது சார்" என்று எழுந்து போவார். நான் கீழே வந்து மனைவியிடம் சொல்லாத நாள் இல்லை.

"படிச்சவங்களுக்குதான் பொறுமை இல்ல. அந்த மனுஷன பாரு. ஞானம் இருக்கு."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் திருத்தும் வேலைக்குத் திரும்பிவிடுவாள்.

பிறகு புகார்கள் வந்தன. ஒருநாள் மாலை செயலாளர் வந்து, சோபாவின் நுனியில் உட்கார்ந்தார்.

"சார், நம்ம பில்டிங்ல சத்தத் தொந்தரவுன்னு மூணு கம்ப்ளைன்ட் வந்திருக்கு. நீங்க இந்தத் துறையில பெரிய ஆள். அளந்து ஒரு ரிப்போர்ட் குடுத்தீங்கன்னா சங்கத்துக்கு உபயோகமா இருக்கும்."

"என்ன சத்தம்?"

"பொதுவா, சத்தம் சார்." அவர் கண் என் மேல் இல்லை, மூலையில் இருந்த வயலின் பெட்டியின் மேல் இருந்தது.

அப்போது எனக்கு அது உறைக்கவில்லை என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். நான் மரமண்டையல்ல, எனக்கு உறைத்தது. ஆனால் நிபுணன் என்று கூப்பிட்டுவிட்டார்களே. ஞாயிற்றுக்கிழமை காலை, சொந்தமாக வைத்திருக்கும் ஒலிமானியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். டர்னர் கூடவே வந்தார். தண்ணீர் மோட்டார், பன்னிரண்டு வீட்டு மிக்சி, முதல் மாடியின் சீரியல், லெவல் கிராசிங் பக்கம் மின்சார ரயில் அடிக்கும் ஹார்ன், கீழே பழைய பேப்பர் வாங்குகிறவரின் மைக் எல்லாவற்றையும் அளந்தேன். கடைசியாக மகளை மாடிக்கு அனுப்பி, என் வயலின் பதிவை நான் வாசிக்கும் அதே அளவில் ஒலிக்கவிட்டு, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று அளந்தேன். முடிவு எனக்குத் தேனாக இருந்தது. கட்டடத்திலேயே குறைவான சத்தம் என்னுடையதுதான். பெரும்பாலான வாசலில் அதைப் பிரித்தறியவே முடியவில்லை.

பதினோரு பக்க அறிக்கை. வண்ண வரைபடங்கள். கூட்டத்தில் எழுந்து நின்று, ஆய்வுக்கூடத்து மேலதிகாரிகளிடம் பேசும் குரலில் விளக்கினேன். யாரும் குறுக்கே பேசவில்லை. முடித்ததும், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் இரண்டாம் மாடிப் பையனின் அப்பா மெல்லக் கேட்டார்.

"எல்லாம் சரி சார். நேத்து மீட்டிங்ல அமெரிக்காக்காரன், 'உங்க வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா'ன்னு எம் பையன கேட்ருக்கான். அத எப்படி அளப்பீங்க?"

சிரிப்பு அடங்குவதற்குள் பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. என் மனைவியின் கை.

"சத்தம் கம்மிதான், ஒத்துக்கறேன். சுருதி சேருதா சேரலையான்னு அளந்தீங்களே, அந்த ஆறு பக்கத்த ஏன் இதுல சேர்க்கல?"

அவளுக்கு அந்த ஆறு பக்கம் எப்படித் தெரியும் என்று யோசிக்கும்போதே தீர்மானம் நிறைவேறிவிட்டது. மாலை ஆறேகாலிலிருந்து ஏழு வரை மட்டும், பரீட்சை மாதங்களில் கிடையாது, தொட்டிக்கு மறுபக்கம் திரும்பி உட்கார வேண்டும். எதிர்த்து ஓட்டுப் போட்டவன் நான் ஒருவன்தான். டர்னரை வழக்கம் போலக் கூட்டத்துக்குக் கூப்பிட்டிருக்கவில்லை.

மறுநாள் மாடியில் அவரிடம் குமுறினேன். என் அறிக்கையை, அமெரிக்காக்காரனை, என் மனைவியின் கையை, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் புன்னகையோடு தலையாட்டிக்கொண்டிருந்தார். நான் நிறுத்திய பிறகும் தலையாட்டினார். பிறகு என் முகத்தைப் பார்த்து ஏதோ சரியில்லை என்று புரிந்துகொண்டு, சட்டைப் பைக்குள் கைவிட்டு, பாக்குக் கொட்டை அளவில் ஒரு காது மிஷினை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"இன்னா சார் சொன்னீங்க?"

வில்லைக் கீழே வைத்தேன்.

"இத்தன நாளா மிஷின் இல்லாமலா ஒக்காந்திருந்தீங்க?"

"ஆமா சார்."

"அப்ப நான் வாசிக்கிறது?"

"கேக்காது சார். கோச்சுக்காதீங்க. மொத நாளு மாட்டிகினுதான் வந்தேன். அப்பால கழட்டிட்டேன்." அவர் சங்கடமாகச் சிரித்தார். "உங்க கை போறத பாத்துகினு இருப்பேன். லேத்துல டூல் போவும் பாருங்க, அந்த மாதிரி கீது. அதான் சூப்பரா கீதுன்னு சொல்றது. நீங்க கொஞ்சம் அழுத்தறீங்க. அழுத்துனா கடையற ஜாப்புல கீறல் வுழும்."

மூன்று வருடமாக ஆசிரியை சொல்வதைச் சத்தமே கேட்காத மனிதர் பார்த்தே சொல்லிவிட்டார். உலகத்தில் எனக்கிருந்த ஒரே ரசிகரும் இப்படிப் போனதும், அடிபட்ட கௌரவத்தைச் சமாளிக்க நான் என் தொழிலுக்குள் ஓடினேன். காது எப்போது போயிற்று, எந்தச் சத்தத்தில் போயிற்று என்று மருத்துவரைப் போலக் கேள்வி கேட்டேன்.

"எப்பன்னு சொல்ல முடியாது சார். கொஞ்சம் கொஞ்சமா போச்சு. ஊட்ல கூப்டா திரும்ப மாட்டேன், திமிருன்னு நெனச்சிகினு இருந்தா அவ. பட்டறைல லேத்து, கிரைண்டிங்கு, பக்கத்துல பவர் பிரஸ்ஸு. அங்க எல்லாருக்குமே இப்டிதான்." கொஞ்சம் யோசித்துச் சொன்னார். "ஒரு தபா ரெண்டு பேரு பொட்டி எடுத்துகினு வந்தாங்க சார். உங்களாண்ட கீதே, அந்த மாதிரிதான், கொஞ்சம் பெருசு. எங்க காதாண்ட புடிச்சாங்க. எழுதிகினாங்க. டீ குடிச்சிட்டுப் போனாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா? அவ்ளோதான்."

வேலையில் சேர்ந்த புதிதில், நானும் உடன் வேலை பார்த்த ஒருவரும் அம்பத்தூர்ப் பட்டறைகளில் இரைச்சலை அளந்திருக்கிறோம். ஒவ்வொரு பட்டறையிலும் டீ கொடுத்தார்கள். அந்த ஆராய்ச்சிக் கட்டுரை வெளிநாட்டுச் சஞ்சிகையில் வந்தது. அதை ஒரு மாநாட்டில் படிக்க விமானம் ஏறிப் போனேன். எனக்குக் கிடைத்த முதல் கைதட்டல் அது. இத்தனை இரைச்சலில் இத்தனை வருடம் நின்றால் காது போகும் என்று அதில் தெளிவாக நிறுவியிருந்தேன். பாராட்டினார்கள். ஒரு பிரதிகூட எந்தப் பட்டறைக்கும் போகவில்லை. போகவேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை. அவர் பட்டறையில் டீ குடித்த இரண்டு பேரில் ஒருவன் நானா என்று கேட்டிருக்கலாம். எந்த வருடம், எந்தத் தெரு என்று இரண்டே கேள்வி. நான் கேட்கவில்லை. அன்று வயலினைப் பெட்டியில் வைத்துக்கொண்டு சீக்கிரமே இறங்கிவிட்டேன்.

இரண்டு மூன்று நாள் வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். மனைவி அதைத் தீர்மானத்தால் வந்த கோபம் என்று எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தாள். நான்காம் நாள் அவளிடம் விஷயத்தைச் சொன்னேன், அந்தப் பழைய கட்டுரை உட்பட. டர்னருக்குக் காது கேட்காது என்று கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியுமாம். "ஏன் என்கிட்ட சொல்லல?" என்றேன்.

"எவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க. கெடுக்க மனசு வரல." பிறகு விடைத்தாளை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அந்தக் கட்டுரைய தமிழ்ல எழுதி இப்பக் கொண்டுபோய்க் குடுத்தா என்ன?"

எழுதினேன். முதல் வரைவு ஒன்பது பக்கம். சாப்பாட்டு மேசையில் அவள் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தாள்.

"'செவிப்புலன் தொடக்க வரம்பின் நிரந்தர இடப்பெயர்வு'ன்னா என்ன?"

"காது மந்தமாகறது."

"அத எழுதுங்க."

"அது அறிவியல் பூர்வமா..."

"லேத் ஓட்டறவர் படிக்கணுமா, உங்க டைரக்டர் படிக்கணுமா?"

ஒன்பது பக்கம் இரண்டானது. மகள் அதை ஒரே பக்கமாக்கினாள். பத்தாம் வகுப்புப் படிக்கிறவளுக்கு இதற்கு நேரமில்லை என்று முனகிக்கொண்டே படம் வரைந்தாள். இயந்திரத்தின் முன்னால் நிற்பவர், காதில் இயர் பிளக், அதை எப்படி உருட்டிச் செருகுவது என்று மூன்று படம். கீழே பெரிய எழுத்தில், 'போன காது திரும்ப வராது.' ஏழு மணி வரை மாடியில் இருக்க வேண்டிய நான் அந்த ஒரு வாரமும் மேசையை விட்டு எழவில்லை. அண்டை வீடுகளில் என் உடல்நிலையைப் பற்றி விசாரித்தார்கள் என்று பின்னால் தெரிந்தது.

இரண்டு பெட்டி இயர் பிளக் வாங்கிக்கொண்டு, ஒரு சனிக்கிழமை டர்னரை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு பட்டறைத் தெருக்களுக்குப் போனேன். முதல் பட்டறையில் எங்களை இன்ஸ்பெக்டர்கள் என்று நினைத்து ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார்கள். இரண்டாவது பட்டறை முதலாளி மரியாதையாகப் படித்தார்.

"சார், இத காதுல வச்சிகினா நான் கூப்புடுறது எவனுக்குக் கேக்கும்?"

"இப்ப மட்டும் கேக்குதா நைனா?" என்றார் டர்னர், தன் மிஷினைக் கழற்றிக் காட்டி. முதலாளி சிரிக்கவில்லை. பெட்டியிலிருந்து ஒரு பிடி எடுத்து மேசை டிராயரில் போட்டுப் பூட்டிக்கொண்டார், பத்திரமாக இருக்கட்டும் என்று. மூன்றாவது இடத்தில், இலவசமாகக் கொடுத்தோம் என்று சான்றிதழ் கிடைக்குமா, ஏதோ ஆடிட்டுக்கு உதவும் என்று கேட்டார்கள். நான்காவது பட்டறையில் முதலாளி இல்லை. டிரில்லிங் மிஷினில் இரண்டு பெண்களும், லேத்தில் நான்கு ஆட்களும் இருந்தார்கள். டர்னர் அவர்களோடு அரை மணி நேரம் நின்று பேசினார். அவர் பேசியது எனக்குப் பாதி கேட்கவில்லை. அவ்வளவு இரைச்சல். படத்தைச் சுவரில் ஒட்டிவிட்டு வந்தோம்.

ஆய்வுக்கூடத்தில் ஆண்டு மதிப்பீட்டுப் படிவம் நிரப்பும்போது இதையும் எழுதினேன். மேலதிகாரி கூப்பிட்டார்.

"இது எந்த ஜர்னல்ல வந்தது?"

"சுவத்துல ஒட்டியிருக்கு சார்."

அவர் பேனாவை எடுத்தார். பிறகு என் எதிர்காலத்தின் மீதிருந்த அக்கறையால், தானே அதை அடித்துவிட்டு, 'பொழுதுபோக்குகள்' என்ற இடத்தில் எழுதிக்கொண்டார். அந்த வருடம் நான் வாங்கிய முழு மதிப்பெண், யாரும் படிக்காத வேறொரு கட்டுரைக்குக் கிடைத்தது.

இரண்டு மாதம் கழித்துத் தனியாக நான்காவது பட்டறைக்குப் போனேன். லேத் ஆட்களில் ஒருவர் மட்டும் இயர் பிளக் மாட்டியிருந்தார். இன்னொருவர் அதை எண்ணெய்க் குழாயின் கசிவை அடைக்க உபயோகித்திருந்தார், நன்றாக அடைத்திருக்கிறது என்று காட்டினார். டிரில்லிங் பெண்கள் இருவர் காதிலும் இருந்தது. என்னைப் பார்த்ததும் மூத்தவர் மிஷினை நிறுத்திவிட்டு ஒரு காதிலிருந்து எடுத்தார்.

"முன்னல்லாம் ஊட்டுக்குப் போனா காதுல கொய்ன்னு கத்திகினே இருக்கும் சார். இப்ப இல்ல."

"நல்லது."

"இன்னா நல்லது? பக்கத்து ஊட்டு சண்ட மொத்தமும் கேக்குது. ரெண்டு நாளா தூக்கமே இல்ல." அவர் சிரித்தார். பிறகு உள்ளங்கையை நீட்டி, அழுக்கேறித் தட்டையாகிப்போன பழைய ஜோடியைக் காட்டினார். "இது போச்சு. வேற கொண்டாந்திருக்கீங்களா?"

நான் வெறுங்கையோடு போயிருந்தேன். எண்ணிக் குறித்துக்கொண்டு வர நோட்டும் பேனாவும் மட்டும் கொண்டுபோயிருந்தேன். "அரை மணி நேரத்துல வரேன்மா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். அந்த நேரத்தில் எனக்கு வயலின் வகுப்பு. ஆசிரியைக்குப் போன் செய்து, இன்று வர இயலாது என்றேன். மறுமுனையில் அவர் பெருமூச்சு விட்டது தெளிவாகக் கேட்டது.

"பரவால்ல சார். பொறுமையா வாங்க."